இலவச கரன்ட்டுக்குப் புகை உண்டா? வாசகர் கேள்வி-பதில்

மின்சாரம், காஸ், மண்ணெண்ணெய் மானியங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதுக்கு இந்த இதழில் பதில். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

என் தோட்டத்தில் 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். தென்னைக்கு ஆண்டில் 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம் ஓடும். இலவச மின்சாரம்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று டி.வி.யில் ஒருவர் பேசினார். ஒரு மோட்டாரால் அப்படி என்ன ஆகிவிடும்?
*(உடுமலைப்பேட்டை)*

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துக்கொள்வோம். 5 எச்.பி. மோட்டார் லைனிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 4.5 கிலோவாட். 6 மணி நேரம், 200 நாள் என்றால் 5,400 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக ஆண்டுக்கு 3.8 டன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். அந்தக் கணக்கில் உங்கள் மோட்டார் 1,640 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் பூமியை இரண்டு முறை சுற்றிவரலாம். தமிழ்நாட்டில் இப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன.

ஆனால் டி.வி.யில் பேசியவர் சொன்னது பாதிதான் சரி. தண்ணீர் இறைக்காமல் தென்னை காய்க்காது. 1,000 லிட்டரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க இயற்கை கேட்கும் விலை 0.27 யூனிட். அதை யாராலும் குறைக்க முடியாது. நம் தோட்டங்களில் ஓடும் பழைய பம்ப்செட்டுகளின் திறன் 25 முதல் 35 சதவீதம்தான் என்பதால், அதே வேலைக்கு 0.8 முதல் 1.1 யூனிட் வரை போகிறது. மிச்சமெல்லாம் சூடாகவும் உராய்வாகவும் வீணாகிறது. இலவசத்தின் தீமை இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. பில் வராத இடத்தில் இதைச் சரிசெய்ய யாருக்கு என்ன அவசரம்?

உங்கள் செட்டின் திறனை நீங்களே பார்க்கலாம். 200 லிட்டர் பேரல் ஒன்றை பைப் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்வெல்லில் தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். நிறுத்திவைத்து அளந்தால் மட்டம் ஏறிக் கணக்கு பொய்யாகும். அதோடு தரைக்கு மேல் தண்ணீர் ஏறும் உயரத்தையும், பைப் உராய்வுக்குப் பத்தில் ஒரு பங்கையும் கூட்டுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, கம்பியைக் கழற்றாமலே கரன்ட்டை அளக்கும் டாங் டெஸ்டரால் ஆம்பியரும் வோல்டேஜும் எடுக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, பேரல் 80 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 2.5 லிட்டர். மொத்த உயரம் 60 மீட்டர் என்றால் தண்ணீருக்குப் போய்ச்சேர்ந்த சக்தி 2.5 × 60 × 9.81, அதாவது 1,470 வாட். 400 வோல்ட், 8 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8 என்றால் மோட்டார் இழுத்தது 1.73 × 400 × 8 × 0.8, ஏறத்தாழ 4,430 வாட். திறன் 33 சதவீதம். இதே தண்ணீரை 50 சதவீதத் திறனுள்ள செட் 3 கிலோவாட்டுக்குள் கொடுத்துவிடும்.

திறன் குறையக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். 100 மீட்டருக்கு வடிவமைத்த பம்பை 50 மீட்டரில் இறக்குவது. காயில் எரிந்து எரிந்து நாலைந்து முறை ரீவைண்டிங் செய்த மோட்டார். பழைய கம்பியைச் சுட்டு எடுக்கும்போது ஸ்டாம்பிங் தகடு கெட்டு, ஒவ்வொரு முறையும் திறன் இறங்கும். 2 அங்குலம் வேண்டிய இடத்தில் ஒன்றேகால் அங்குல பைப். தொட்டி விளிம்புக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் நின்று கொட்டும் பைப் வாய். பார்க்க அழகுதான், ஆனால் அத்தனை உயரமும் வீண். கிணற்று மோட்டார் என்றால், பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபுட் வால்வையும் பாருங்கள்.

கெபாசிட்டர் இல்லாததும் ஒரு குறை. கடையில் கண்டென்சர் என்று கேட்டாலும் தருவார்கள். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ளது போதும். இது இல்லாவிட்டால் லைனில் ஆம்பியர் ஏறி, கடைசித் தோட்டத்தில் வோல்டேஜ் விழும். வோல்டேஜ் விழுந்ததும் பக்கத்துக்காரர் 5 எச்.பி.யைக் கழற்றிவிட்டு 7.5 மாட்டுவார். அதனால் இன்னும் விழும். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ் எல்லோருமாகச் சேர்ந்து எச்.பி.யை ஏற்றிக்கொண்டே போவது இப்படித்தான்.

ஸ்டார்டரில் ‘ஆட்டோ’வைப் போட்டுவிட்டுத் தூங்கப்போவதை இன்றே நிறுத்தலாம். நள்ளிரவில் கரன்ட் வந்து மோட்டார் தானாக ஓடி, வரப்பு உடைந்து ஓடுவது தண்ணீர் மட்டுமல்ல. நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால் பழைய செட்டில் ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் 0.09 யூனிட் கூடுதலாகச் செலவாகும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழக அரசு மானியம் தருகிறது. தண்ணீரையும் புகையையும் ஒரே நேரத்தில் குறைக்கிற மானியம் அது.

பம்ப்செட்டுக்கு மீட்டர் மாட்டினால் அடுத்த நாளே பில் வரும். அதற்கு ஏன் எல்லோரும் வக்காலத்து வாங்குகிறீர்கள்?
*(அவிநாசி)*

அவிநாசிக்காரர் கேட்பதில் ஆச்சரியமில்லை. மின்கட்டணப் போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் செத்தது உங்கள் பக்கத்து ஊரில்தான். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லோருக்கும் கிடைத்த இலவசம் 2003-ல் பறிக்கப்பட்டு 2004-ல் திரும்பி வந்தது. மீட்டரைக் கண்டு பயப்படுவதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

அளப்பதும் வசூலிப்பதும் வேறு வேறு என்று செய்துகாட்டிய இடம் பஞ்சாப். அங்கே 1997-ல் விவசாய மின்சாரம் இலவசமானது. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. 2018-ல் ‘பானி பச்சாவோ, பைசா கமாவோ’ (தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி) என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எச்.பி.யைப் பொறுத்து ஒவ்வொரு விவசாயிக்கும் மாதம் இத்தனை யூனிட் என்று ஒதுக்கீடு. அதற்குள் மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். ஒதுக்கீட்டைத் தாண்டினாலும் பில் கிடையாது. இலவசம் அப்படியே இருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் காசு என்பதுதான் புதிது. எங்களைக் கேட்டால், தமிழ்நாட்டில் மீட்டர் வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இப்படி ஓர் உறுதியை எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெட்ரோல், டீசலுக்கு இப்போது மானியம் உண்டா?
*(சென்னை)*

பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் போய்விட்டது. இப்போது நீங்கள் வரிதான் கட்டுகிறீர்கள். டீசலில் இருந்து கையை எடுக்க 2013 ஜனவரி முதல் மாதம் 50 காசு என்று ஏற்றினார்கள். அதற்கு முன்பு, விவசாயிக்கும் லாரிக்கும் என்று கொடுத்த மலிவு டீசலை நம்பி, விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி டீசல் காராக இருந்த காலமும் உண்டு.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் வந்தால் ஒரு பில், 505 வந்தால் எங்கேயோ போகிறது. இதில் என்ன சூட்சுமம்? 100 யூனிட் இலவசத்தால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்பது உண்மையா?
*(மதுரை)*

2022 செப்டம்பர் கட்டணப்படி பார்ப்போம். பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, அமைப்பு அதேதான். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-க்கு 1,725 ரூபாய். 501-ஐத் தொட்டதும் அந்த 2.25 படி மறைந்து 4.50 ஆகிறது, 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

கணக்கெடுப்பவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டரில் ஓடும் கிலோவாட்-ஹவர் எண்ணைப் பார்த்து, சென்ற முறை அட்டையில் எழுதியதைக் கழித்துக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு மின்விசிறியில் இருக்கிறது. பழையது 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் 97. நீங்கள் 500 பக்கமே போக மாட்டீர்கள். ஆண்டுக்கு 400 கிலோ கார்பன் டை ஆக்சைடும் குறையும்.

இலவசத்தைப் பற்றி: இரண்டு விசிறி, நாலு பல்பு, ஒரு டி.வி. உள்ள வீட்டுக்கு 100 யூனிட் தருவதால் பூமி சூடாகாது. அந்த வீடு எரிப்பதே அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் 1,200 யூனிட் எரிக்கும் ஏ.சி. வீட்டுக்கும் அதே 100 போகிறது பாருங்கள், அங்குதான் ஓட்டை. மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்திருக்கும் சாமர்த்தியம் அதைவிடப் பெரிய ஓட்டை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதற்குத்தான் பொருந்தும்.

மொட்டைமாடி சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். எங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாது. போடலாமா?
*(திருநெல்வேலி)*

போட வேண்டாம். 200 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது மேலே சொன்ன கட்டணத்தில் 225 ரூபாய், ஆண்டுக்கு 1,350. ஒரு கிலோவாட் அமைக்க 60,000 முதல் 70,000 ரூபாய் ஆகும். 30,000 மானியம் போனாலும் போட்ட பணம் திரும்ப இருபது ஆண்டுக்கு மேலாகும். மலிவு மின்சாரத்துக்கு ஒரு மானியம், சோலாருக்கு ஒரு மானியம். இரண்டும் ஒன்றையொன்று காலை வாரிக்கொள்கின்றன. 600, 700 யூனிட் எரிக்கும் வீடுகளுக்குத்தான் இது லாபம். அந்த வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம்.

2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு, மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஒப்புதல், பட்டியலில் உள்ள நிறுவனம் மூலம் அமைப்பது, லைனுக்குப் போவதையும் அங்கிருந்து வருவதையும் அளக்கும் நெட் மீட்டர், ஆய்வு, கடைசியில் வங்கி விவரம் என்பது வரிசை. மானியம் உங்கள் கணக்குக்கு வரும். கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள்.

சிக்குவது நாலு இடத்தில். இணைப்பு இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கும். முதலில் பெயர் மாற்றுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமை சோலாரின் அளவைவிடக் குறைவாக இருக்கும். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது. விலை குறைவாகச் சொல்கிறவர் எங்கே குறைத்தார் என்று கேளுங்கள். தண்ணீர் டேங்கின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் படுத்துவிடலாம். இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த அமைப்பு கரன்ட் போனால் வெயிலடித்தாலும் ஓடாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே நிறுத்திக்கொள்ளும். அது கோளாறு அல்ல.

காஸும் பெட்ரோலியம்தானே? விறகு மரத்தில் இருந்து வருகிறது. காஸுக்கு மானியம் கொடுத்துவிட்டுப் பருவநிலை என்று பேசுவது முரண்பாடு இல்லையா?
*(கிருஷ்ணகிரி)*

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மூன்று கல் அடுப்பில் விறகின் சக்தியில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி எரியாத புகையாக, கரித்துகளாக, மீத்தேனாக வெளியேறுகிறது. கரித்துகளும் மீத்தேனும் சூட்டைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடை விடக் கெட்டிக்காரர்கள். வெட்டிய மரம் திரும்ப வளராத இடத்தில் விறகு பசுமை எரிபொருளும் அல்ல. அதனால் அடுப்பு ஊதும் பெண்களின் நுரையீரலை விட்டுவிட்டுப் பார்த்தால்கூட, இந்த மானியத்தைப் பருவநிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டோம்.

கொடுக்கும் முறையும் இதில் தேறியிருக்கிறது. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் வீட்டு சிலிண்டர் எல்லாமே சந்தை விலையில், மானியம் வங்கிக்கு. வீட்டு சிலிண்டர் டீக்கடைக்குப் போவது அதனால் குறைந்தது. ஏழை வீடுகளுக்கான உஜ்வலா இணைப்புக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய். முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பதுதான் தடை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாதக் கடைசியில் அந்தத் தொகை இருக்காது, மறுபடி விறகு.

‘இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் புகையே இல்லை’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 128 யூனிட். இன்றைய மின்தொகுப்பில் அது 90 கிலோ கார்பன் டை ஆக்சைடு, காஸைப்போல் இரண்டு மடங்கு. மாடியில் சோலார் இருந்து, பகலில் சமைத்தால் கதை வேறு.

2022-இல் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. சூழலைக் காப்பதற்காக என்றும் சிலர் சொன்னார்கள். எங்கள் படகுகள் கரையில் கிடந்ததுதான் மிச்சம். இதனால் காலநிலைக்கு என்ன நன்மை?
*(மன்னார்)*

அந்த ஓகஸ்ட் விலையேற்றம் சூழலுக்காக நடந்தது அல்ல. டொலர் இல்லாததால் நடந்தது. மலிவு மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்பட்டதும், தேவையற்றவர்கள் கைக்குப் போனதும் உண்மை. அதை நிறுத்த விலையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதும் சரி. ஆனால் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மாற்று எரிபொருள் இல்லை. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மீனவர் கடலுக்குப் போகாததால் மிச்சமான கார்பனை யாரும் சாதனை என்று எண்ணக் கூடாது.

ஈரான் 2010 டிசம்பரில் இதைவிடப் பெரிய ஏற்றத்தைச் செய்தது. ஆனால் விலை ஏறும் முன்பே ஒவ்வொருவர் கணக்கிலும் மாதம் 4,55,000 ரியால் என்று பணத்தைப் போட்டுவிட்டது. ஊர் கொந்தளிக்கவில்லை. பின்னர் பணவீக்கத்துக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்தாததால் அது கரைந்துபோனது வேறு விடயம். மாறாக எக்குவடோர் 2019 ஒக்டோபரில் முன்னேற்பாடின்றி மானியத்தை எடுத்து, வீதிப் போராட்டத்துக்குப் பணிந்து அதே மாதமே திருப்பிக் கொடுத்தது.

இலங்கையில் 2022-இலேயே வாகன எண்ணை வைத்து கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிட முடிந்தது. கடற்றொழில் திணைக்களத்தின் படகுப் பதிவை வைத்து, படகுக்கு இவ்வளவு என்று தொழிலாளியின் கணக்குக்கே பணம் அனுப்புவதும் அதே மாதிரியான வேலைதான். அப்போது எண்ணெயை மிச்சம்பிடித்தால் பணம் அவர் கையில் நிற்கும். படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டவும், திரும்பி வரும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவும் அவருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.

உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய்க்குக் கொடுக்கும் மானியம் 7 லட்சம் கோடி டாலர் என்று ஓரிடத்திலும், 1 லட்சம் கோடி டாலர் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது பொய்?
*(புதுச்சேரி)*

இரண்டுமே பொய் இல்லை. 2022-ஆம் ஆண்டுக்கு சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது 1 லட்சம் கோடிக்கு மேல். சந்தை விலைக்கும் மக்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) சொன்ன 7 லட்சம் கோடியில் அப்படி நேராகக் கொடுத்தது 1.3 லட்சம் கோடி மட்டுமே. மீதியில் பெரும்பகுதி, எரித்தவர் கட்டாமல் ஊர் கட்டும் பில்: காற்று கெட்டு வரும் நோய், பருவநிலைச் சேதம் போன்றவை. அதை மானியம் என்று அழைக்கலாமா என்பது நியாயமான சண்டை. கட்டவேண்டியதைக் கட்டாமல் விட்டால் அதுவும் ஒருவகைச் சலுகைதான் என்பது எங்கள் கட்சி.

இந்தியா நிலக்கரியிடம் இதில் கொஞ்சம் வசூலித்துப் பார்த்தது. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் வரி; 2016-ல் அது 400. தூய எரிசக்திக்கு என்று சொல்லி வாங்கிய அந்தப் பணம் 2017-ல் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக் கணக்குக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த 400-ஐ எடுத்துவிட்டு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். முன்பு நல்ல கரிக்கும் மட்டமான கரிக்கும் டன்னுக்கு ஒரே 400. இப்போது விலைக்கேற்ற வரி. சாம்பல் அதிகமுள்ள மலிவுக் கரிக்குக் குறைந்த வரி.

சோலார் பம்ப் போட்டுவிட்டால் கரன்ட்டும் வேண்டாம், புகையும் இல்லை. பிறகு அதில் என்ன குறை சொல்ல முடியும்?
*(சிவகங்கை)*

புகையில் குறை இல்லை. சோலார் பம்புக்கு மானியம் தர 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் என்று வைத்தார்கள். 5 எச்.பி.க்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல். டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு இதைப் போடுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

குறை தண்ணீரில். சூரியனும் பில் அனுப்புவதில்லை. காலை 8 முதல் மாலை 4 வரை இறைத்துக்கொண்டே இருக்கலாம். அதுவும் கரன்ட் போகும் என்ற ஒரு தடைகூட இல்லாமல். தண்ணீர் வேண்டாத நாட்களில் பேனல் சும்மா வெயில் காய்கிறது. குஜராத் 2018-ல் தொடங்கிய சூர்யசக்தி கிசான் திட்டத்தில் பேனலை லைனோடு சேர்த்து, இறைக்காத மின்சாரத்தை விவசாயியிடம் வாங்கினார்கள். மோட்டாரை நிறுத்த அது ஒரு காரணம். லைன் இல்லாத தோட்டம் என்றால், விண்ணப்பிக்கும்போதே பல கருவிகளை இயக்கும் யூனிவர்சல் கன்ட்ரோலர் கிடைக்குமா என்று கேளுங்கள். பம்ப் ஓடாதபோது அதே பேனலில் தீவனம் வெட்டும் இயந்திரமோ மாவு மில்லோ ஓட்டலாம். சாதாரண கன்ட்ரோலரில் இது முடியாது. வாங்கிய பிறகு மாற்றுவது செலவு. பேனல் ஸ்டாண்டின் காலுக்குக் கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆடிக்காற்றில் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் ஆழமில்லாத குழியில் நட்ட ஸ்டாண்டுகள்தான்.